இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு ஆற அமர வாசியுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் பெரிய கம்பெனிகளில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலர், "டீச்சர், இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். முதன்முதலாக ஒரு லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்ற ஒற்றை வரியைப் பார்த்து முழிக்கிற பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். நீங்களும் ஒரு காலத்தில் அப்படி முழித்தவர்கள்தானே.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று முழுப்பாதை. இன்னொன்று சார்புப் பாதை. முழுப்பாதை கம்ப்யூட்டரின் உச்சியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஃபோல்டராகப் பெயர் சொல்லிக்கொண்டு இறங்கும். சார்புப் பாதை, 'இப்போது நிற்கும் இடத்திலிருந்து' வழி சொல்லும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் படித்த பிள்ளைகளே தடுமாறும் இடம் இது.

நான்காம் வகுப்பில் என்னிடம் திசைகள் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நான் கரும்பலகைக்கு முதுகைக் காட்டி, உங்களைப் பார்த்து நிற்பேன். "ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "இடது பக்கம் டீச்சர்" என்று கத்தும். எனக்கு அது வலது பக்கம். நீங்கள் சொன்னதும் சரி, நான் சொல்வதும் சரி. "ஜன்னல் கிழக்கே இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. யார் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கிழக்கு கிழக்குதான். இடம், வலம் என்பவை மட்டும் நிற்பவரைப் பொறுத்தவை. யாருடைய இடது என்று கேட்காமல் அந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது.

அப்படியானால் எப்போதும் முழுப்பாதையையே எழுதிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஒரு பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். "வீட்டுப் பத்திரம் எங்கே?" என்று அம்மா கேட்கிறார். "மேலத்தெரு, பன்னிரண்டாம் நம்பர் வீடு, நடு அறை, பீரோ, மேல்தட்டு" என்று ஒரு சீட்டில் எழுதிப் பீரோவுக்குள்ளேயே ஒட்டி வைக்கிறீர்கள். அடுத்த வருடம் வாடகை வீடு மாறுகிறீர்கள். பீரோ வண்டியில் ஏறிப் புது வீட்டுக்கு வந்துவிட்டது. பத்திரமும் மேல்தட்டிலேயே பத்திரமாக இருக்கிறது. ஆனால் சீட்டில் எழுதியது பொய்யாகிவிட்டது. அந்தச் சீட்டில் வெறுமனே "மேல்தட்டு" என்று எழுதியிருந்தால், பீரோ எந்த ஊருக்குப் போனாலும் அது உண்மையாகவே இருந்திருக்கும்.

ஒரு மென்பொருள் திட்டத்தின் ஃபோல்டரும் அந்தப் பீரோ மாதிரிதான். எழுதியவர் வீட்டிலேயே அது இருக்கப் போவதில்லை. பென் டிரைவில் ஏறிக் கல்லூரிக்குப் போகும். நண்பர் கம்ப்யூட்டருக்குப் போகும். எங்கோ ஒரு சர்வரில் போய் உட்காரும். போகிற இடமெல்லாம் உள்ளே இருக்கிற சாமான்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது போன வருடம், என் தம்பி பேத்தியால். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அந்த வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்ட முதல் ஆள் அவள்தான். எங்கள் பக்கத்துக் குளங்களைப் பற்றி ஒரு இணையதளம் செய்திருந்தாள். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு பக்கம், அவளே சைக்கிளில் போய் எடுத்த படங்கள், குளங்களின் பட்டியலை வாசித்துப் பக்கங்களை உண்டாக்கும் ஒரு சின்ன பைத்தான் நிரல். மூன்று மாத உழைப்பு. வீட்டு லேப்டாப்பில் அழகாகத் திறந்தது. கல்லூரி லேபில் திறந்தால் ஒரு படம் கூட வரவில்லை, நிரலும் ஓடவில்லை. திங்கட்கிழமைக்குள் சரிசெய்து காட்டாவிட்டால் கையெழுத்துக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எனக்கு இது வராது ஆச்சி. டிகிரி வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். ஜவுளிக்கடையில கணக்கெழுத ஆள் கேக்காங்க, போயிடுதேன்" என்றாள். ஜவுளிக்கடை வேலை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் விரும்பிப் போவது வேறு, தோற்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு போவது வேறு.

எனக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது படம் போட்டு விளக்குவதும், கேள்வி கேட்பதும்தான். "முதல்ல உன் ஃபோல்டரைப் படமாப் போடு தாயி" என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தை நீட்டினேன். அவள் பெயர்களை ஆங்கிலத்தில் வைத்திருந்தாள். உங்களுக்குப் புரிவதற்காகத் தமிழில் தருகிறேன்.

மேலே 'குளங்கள்' என்ற பெரிய ஃபோல்டர். அதற்குள் 'முகப்பு' என்ற ஃபைல், அதுதான் முதல் பக்கம். அதோடு ஐந்து சின்ன ஃபோல்டர்கள்: பக்கங்கள், படங்கள், அலங்காரம், தரவு, நிரல். 'அலங்காரம்' ஃபோல்டரில், நிறம், எழுத்தின் அளவு, பின்னணிப் படம் இவற்றைச் சொல்கிற ஃபைல் இருந்தது.

இந்தப் படத்தை நம் குடும்ப வம்சாவளி மாதிரிப் பாருங்கள். 'குளங்கள்' தாய். ஐந்து ஃபோல்டர்களும் அவள் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். கம்ப்யூட்டர்காரர்களும் மேலே இருக்கும் ஃபோல்டரைப் பெற்றோர் என்றுதான் சொல்கிறார்கள். பெற்றோரிடம் போவதற்கு ஒரு குறி உண்டு: இரண்டு புள்ளிகள். ஒற்றைப் புள்ளி என்றால் 'நான் நிற்கும் இதே இடம்'. ஒரு ஃபோல்டரிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நடுவில் ஒரு சாய்கோடு. அவ்வளவுதான் இலக்கணம்.

ஒரு முறை மேலே போக: ../
இரண்டு முறை மேலே போக, அதாவது தாத்தா வீட்டுக்கு: ../../
உடன்பிறந்தவர் வீட்டுக்கு, அதாவது மேலே ஏறிப் பிறகு கீழே இறங்க: ../படங்கள்/

நம் உறவுமுறைச் சொற்களும் இப்படித்தானே. ஒரே ஆள் எனக்குத் தம்பி, என் பிள்ளைகளுக்கு மாமா, அவன் பிள்ளைகளுக்கு அப்பா. 'மாமா' என்று யாராவது கூப்பிட்டால், கூப்பிடுவது யார் என்று தெரிந்தால்தான் எந்த மாமா என்று தெரியும். சார்புப் பாதையும் சொல்பவரை வைத்தே பொருள் தரும்.

இப்போது அவளுடைய சிக்கல்களுக்கு வருவோம். ஒரே சிக்கல் என்று அவள் நினைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் நான்கு இருந்தன. சிக்கலைப் பிரிப்பதே பாதி வைத்தியம்.

முதலாவது, குளங்களின் பக்கங்களில் இருந்த படங்கள். கடம்பாகுளம் படத்தை உலாவியில் திறந்து, மேலே தெரிந்த முகவரியை அப்படியே நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். அது 'சி' என்ற டிரைவில் தொடங்கி, பயனர்கள், அவள் பெயர், டெஸ்க்டாப், குளங்கள், படங்கள் என்று நீண்டது. லேபில் இருந்தது லினக்ஸ். அங்கே 'சி' டிரைவ் என்ற ஒன்றே கிடையாது. ஒற்றைச் சாய்கோடுதான் எல்லாவற்றுக்கும் உச்சி. அவள் பெயரில் பயனரும் அங்கே இல்லை. அது இன்னொரு விண்டோஸ் கம்ப்யூட்டராக இருந்திருந்தாலும் இதே கதைதான்.

"கடம்பாகுளம் பக்கம் எந்த ஃபோல்டர்ல இருக்கு?" என்று கேட்டேன். "பக்கங்கள்ல." "படம்?" "படங்கள்ல." "இங்க இருந்து அங்க போக என்ன செய்யணும்?" காலண்டர் தாளில் விரலை வைத்து மேலே ஏறினாள், பக்கத்தில் இறங்கினாள். அதையே எழுதச் சொன்னேன்.

../படங்கள்/கடம்பாகுளம்.ஜேபிஜி

படம் வந்துவிட்டது. அந்த ஃபோல்டரை டெஸ்க்டாப்பிலிருந்து வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டுத் திறக்கச் சொன்னேன். அப்போதும் வந்தது. அன்று அவள் முகத்தில் முதல் வெளிச்சம் அப்போதுதான்.

இரண்டாவது, முகப்பின் பின்னணிப் படம். முகப்பு வெளியே 'குளங்கள்' ஃபோல்டரிலேயே இருப்பதால், அங்கிருந்து பார்த்தால் படத்துக்கு வழி 'படங்கள்/கரை.ஜேபிஜி'. அதையே அலங்கார ஃபைலுக்குள்ளும் எழுதியிருந்தாள். ஆனால் அலங்கார ஃபைலில் எழுதும் பாதை அந்த அலங்கார ஃபைல் இருக்கும் இடத்திலிருந்துதான் எண்ணப்படும். அதை எந்தப் பக்கம் பயன்படுத்துகிறது என்பது கணக்கில்லை. அந்த ஃபைல் நிற்பது அலங்காரம் ஃபோல்டரில். ஆகவே உலாவி, அலங்காரம் ஃபோல்டருக்குள் 'படங்கள்' என்று ஒரு ஃபோல்டரைத் தேடியது. அப்படி ஒன்று இல்லை. ../ சேர்த்ததும் சரியாகிவிட்டது.

"வீட்டுல இது எப்படி வந்துச்சு ஆச்சி?" என்று அவளே யோசித்து, அவளே கண்டுபிடித்தாள். தொடக்கத்தில் அலங்கார ஃபைலையும் வெளியே, முகப்புக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தாளாம். கல்லூரிக்குக் கொண்டுபோகும் முதல் நாள், நேர்த்தியாக இருக்கட்டும் என்று தனி ஃபோல்டரில் போட்டிருக்கிறாள். மொத்தப் பீரோவையும் நகர்த்தினால் ஒன்றும் ஆகாது. பீரோவுக்குள் சாமானைத் தட்டு மாற்றினால் சீட்டையும் மாற்றி எழுத வேண்டும்.

மூன்றாவதுதான் கடினமானது. நிரல், 'தரவு/பட்டியல்' என்ற ஃபைலை வாசிக்க வேண்டும். வீட்டில் வாசித்தது. லேபில் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்றது. இத்தனைக்கும் ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, பாதையும் சார்புப் பாதைதான். இதில் எனக்கும் அவளுக்கும் பிடி கிடைக்கவில்லை. என் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டோம். அவன் பெயரைப் போட்டால் கூச்சப்படுவான், ஆகவே போடவில்லை. வேலைக்கு நடுவே பத்து நிமிடம் பொறுமையாகச் சொன்னான்.

அவன் சொன்னது இது. இணையப் பக்கத்தில் எழுதும் சார்புப் பாதை, அந்தப் பக்கம் இருக்கும் இடத்திலிருந்து எண்ணப்படும். ஆனால் பைத்தான் போன்ற மொழியில் ஒரு நிரல் ஃபைலைத் திறக்கும்போது, சார்புப் பாதை நிரல் இருக்கும் இடத்திலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த நிரலை ஓட்டும்போது நாம் எந்த ஃபோல்டரில் நிற்கிறோமோ அங்கிருந்துதான் எண்ணப்படும். அதற்கு நடப்புக் கோப்புறை என்று பெயர்.

வீட்டில் அவள் 'குளங்கள்' ஃபோல்டரில் நின்றுகொண்டு நிரலை ஓட்டுவாள். அங்கிருந்து 'தரவு/பட்டியல்' சரியான வழி. லேபில் 'நிரல்' ஃபோல்டருக்குள் போய் நின்றுகொண்டு ஓட்டியிருக்கிறாள். அங்கே 'தரவு' இல்லையே. நிரலில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. நின்ற இடம் மாறிவிட்டது.

"முதலில் நிற்கும் இடத்தைக் கேட்கச் சொல்லுங்கள் டீச்சர்" என்றான். லினக்ஸில் பி, டபிள்யூ, டி என்ற மூன்றெழுத்துக் கட்டளை கொடுத்தால் நாம் நிற்கும் ஃபோல்டரைச் சொல்லும். விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் சி, டி என்று மட்டும் கொடுத்தாலே போதும். அதற்குப் பிறகு நிலையான வழியையும் சொன்னான். பைத்தானில் ஒரு நிரல் தன் ஃபைல் எங்கே இருக்கிறது என்று தானே தெரிந்துகொள்ளலாம். 'ஃபைல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு எழுதுவார்கள். அந்த இடத்திலிருந்து ஒரு படி மேலே ஏறி, 'தரவு' ஃபோல்டருக்குள் இறங்கு என்று நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், யார் எங்கே நின்று ஓட்டினாலும் வழி தவறாது.

நான்காவது சின்னது, ஆனால் கண்ணுக்கே தெரியாதது. இரண்டு படங்களின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது. பக்கத்திலோ சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள். விண்டோஸ் வழக்கமாக இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாது. லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். நம் தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே இல்லையல்லவா? நம் பிள்ளைகள் கண்ணுக்கு அது தப்பிவிடுகிறது. ஃபைல் பெயர்களையெல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் வைப்பது நல்ல பழக்கம்.

இந்த இரண்டு புள்ளிக்கு ஒரு வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலானோர் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார்கள். 1974இல் அவர்கள் இருவரும் வெளியிட்ட கட்டுரையிலேயே, ஒவ்வொரு ஃபோல்டரிலும் குறைந்தது இரண்டு பதிவுகள் இருக்கும் என்று விளக்கியிருக்கிறார்கள்: ஒரு புள்ளி தன்னைக் குறிக்கும், இரண்டு புள்ளி தன் பெற்றோரைக் குறிக்கும். காலியான ஃபோல்டருக்குக்கூடத் தான் யார், தன் தாய் யார் என்பது தெரியும். எல்லாவற்றுக்கும் உச்சியில் இருக்கும் ஃபோல்டருக்கு மேலே யாரும் இல்லை; ஆகவே அங்கே நின்று இரண்டு புள்ளி போட்டால் அங்கேயே நிற்கும்.

விண்டோஸில் சாய்கோடு ஏன் பின்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அவள் கேட்டாள். அதையும் அவனே சொன்னான். மைக்ரோசாஃப்டின் டாஸ் முதல் பதிப்பில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் வசதியே கிடையாது. 1983இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது வந்தது. அதற்குள் முன்பக்கம் சாய்ந்த கோட்டைக் கட்டளைகளின் விருப்பத் தேர்வுகளுக்குப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே பாதைக்குப் பின்சாய்வு. இணையப் பக்கங்களில் எழுதும்போது எப்போதும் முன்சாய்வுதான் போட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கையும் கொடுத்தான். பாதையின் முதல் எழுத்தாகவே சாய்கோடு போட்டால், அது சார்புப் பாதையாக இருக்காது, உச்சியிலிருந்து தொடங்கும். இணையதளத்தில் அது தளத்தின் உச்சி. அதே பக்கத்தை ஃபோல்டரிலிருந்து இரட்டைச் சொடுக்கில் திறந்தால் வட்டின் உச்சிக்குப் போய்விடும். ஒரே ஒரு சாய்கோடு, ஆனால் போய்ச் சேரும் ஊர் வேறு.

திங்கட்கிழமை லேபில் எல்லாப் படங்களும் வந்தன. நிரலும் ஓடியது. "எப்படிச் சரிசெய்தாய்?" என்று ஆசிரியர் கேட்டாராம். இவள் வெள்ளைப் பலகையில் ஐந்து பிள்ளைகளையும் தாயையும் வரைந்து விளக்கியிருக்கிறாள். கையெழுத்துக் கிடைத்தது. பிறகு அவள் வகுப்பில் மூன்று பேர் இதே தொல்லையோடு அவளிடம் வந்தார்களாம்.

எனக்கு அந்த வார முழுவதும் ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. பணியில் இருந்த காலமெல்லாம் "எனக்கு இது வராது டீச்சர்" என்று சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர்! "போன வருஷமே படிச்சிருப்பீங்களே, அதிலிருந்து ஒரு படி மேலே போனால் போதும்" என்று பாடப்புத்தகம் சொல்லும். போன வருடம் அம்மை போட்டுப் பாதி நாள் பள்ளிக்கு வராத பிள்ளைக்கு அந்த வழி எங்கே புரியும்? வழி சரியான வழிதான். தொடங்கும் இடத்தில் அந்தப் பிள்ளை நிற்கவில்லை. கம்ப்யூட்டர் பாடங்கள் பலவும், வீட்டில் சிறு வயதிலிருந்தே கம்ப்யூட்டரும் ஆங்கிலமும் புழங்கும் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து வழி சொல்கின்றன. லோடு ஆட்டோக்காரர் மகள் அங்கே நிற்கவில்லை. அதனால் அவளுக்கு அறிவு குறைவு என்று ஆகுமா? அவளிடம் யாராவது ஒருவர், "இப்போ நீ எங்க நிக்க, சொல்லு" என்று கேட்டிருந்தால் அந்த மூன்று நாள் அழுகை மிச்சமாகியிருக்கும்.

ஆகவே கம்பெனிகளில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் புதிதாகச் சேரும் பிள்ளை 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று வந்து நின்றால், விடையை உடனே தட்டிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து வரையச் சொல்லுங்கள். எந்த ஃபைலிலிருந்து, எங்கே நின்று, எங்கே போக வேண்டும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பத்து நிமிடம் செலவாகும். போனில் அந்தப் பத்து நிமிடத்தைத் தந்த என் மாணவனுக்கு இந்த இடத்தில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

படிக்கிற பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம். டீச்சர் பதிவென்றால் வீட்டுப்பாடம் இல்லாமலா?

'பள்ளி' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'நான்காம்வகுப்பு', 'நூலகம்' என்று இரண்டு ஃபோல்டர்கள். நான்காம் வகுப்புக்குள் 'கணக்கு' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் 'பாடம்' என்ற ஃபைல். நூலகத்துக்குள் 'அட்டவணை' என்ற ஃபைல். பாடத்திலிருந்து அட்டவணைக்குச் சார்புப் பாதை என்ன? முதலில் தாளில் வரைந்து, விரல் வைத்து ஏறி இறங்கிப் பாருங்கள். எத்தனை முறை மேலே ஏறினீர்கள் என்று எண்ணி, விடையைக் கீழே எழுதுங்கள். பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கக் கூடாது. விடை தவறினாலும் பரவாயில்லை, எங்கிருந்து தொடங்கினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாளை சாயங்காலம் ஒவ்வொன்றாகத் திருத்தித் தருகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். வெயில் கடுமையாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்